ஊர்ப் பணமும் ஊர்க் கணக்கும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட இரண்டு சபைத் தீர்மானங்களைக் குடவோலை முறைக்காகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். முப்பது குடும்புகள், பெயர் எழுதிய ஓலைகள், குடத்துக்குள் கைவிட்டு ஓலையை எடுக்கும் சிறுவன் என்று பள்ளிப் பாடநூலில் படித்த காட்சி மனதில் நின்றுவிட்டது. அதே கல்வெட்டில் பணத்தைப் பற்றி எழுதியிருப்பதை அவ்வளவு அக்கறையோடு யாரும் படிப்பதில்லை. வாரியம் என்ற ஊர்க் குழுவுக்கு வரத் தகுதி இல்லாதவர்களின் பட்டியல் திருடரையும் பாதகம் செய்தவரையும் கொண்டு தொடங்கவில்லை. முன்பு ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரைக் கொண்டு தொடங்குகிறது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்படுகிறார்கள். கணக்கு எழுதுபவருக்குத் தனி விதிகள் உண்டு. நேர்வழியில் பொருள் ஈட்டியவரே கணக்கு எழுத வேண்டும். எழுதிய கணக்கை அவரே நேரில் ஒப்புவிக்க வேண்டும், வேறொருவர் வந்து முடித்துவைக்கக் கூடாது. கணக்கு சுத்தம் என்று பெருமக்கள் ஏற்றுக்கொள்ளும்வரை அவர் மறுபடி அந்த வேலைக்கு வரக் கூடாது. பொன் வாரியம் என்று தனிக் குழுவே அங்கே இருந்தது. பொன்னின் மாற்றுப் பார்க்கத் தெரிந்தவர்களைக் குடவோலையால் தேர்ந்தெடுத்து, அவர்கள் எல்லோருக்கும் ஒரே நேர்மையோடு மாற்றுப் பார்க்க வேண்டும் என்று அச்சபை வேறொரு தீர்மானத்தில் விதித்தது. ஊருக்குள் புழங்கும் செல்வத்தின் தரத்தை யார் சொல்வது, யார் முன்னிலையில் சொல்வது என்பது அந்த ஊருக்கு அவ்வளவு முக்கியமாக இருந்திருக்கிறது.

பெரிய வங்கிகளுக்கு மாற்று வேண்டும் என்று பேசுகிறவர்கள் இன்று பெரும்பாலும் இரண்டு வழிகளைக் காட்டுகிறார்கள்: ஊரே நடத்தும் சிறு வங்கி, அல்லது ஊருக்குள் மட்டும் செல்லும் தனி நாணயம். இரண்டையும் எடைபோட உத்திரமேரூரும் அதைச் சுற்றிய காஞ்சிபுரம் வட்டாரமும் அபூர்வமான சான்றுகளைத் தருகின்றன. அந்தச் சான்றுகளிலிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு இது: வங்கி சிறியதா பெரியதா, நாணயம் ஊருடையதா நாட்டுடையதா என்பதைவிட, பணத்தை வைத்திருப்பவர் யாரிடம் கணக்கு ஒப்புவிக்கிறார் என்பதே ஒரு நிதி அமைப்பு யாருக்கு உழைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் புதிதாக ஒரு வங்கியைக் கண்டுபிடித்துக் கொடுக்கத் தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் கூட்டுறவுச் சங்கத்தின், அதாவது சொசைட்டியின், கணக்கை அதன் உறுப்பினரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சோழர் காலச் சபைகள் வைப்புத் தொகை வாங்கின. அதற்குப் பொலிசை, அதாவது வட்டி, கொடுத்தன. கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஒருவர் பொன் கொடுத்தால் முதல்தொகை சபையிடம் இருக்கும், அதன் வட்டியில் எண்ணெயோ நெய்யோ வரும். பொன்னுக்குப் பதில் ஆடு கொடுக்கும் வழக்கமும் பரவலாக இருந்தது. சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் அவற்றைக் குறிக்கின்றன. விளக்கொன்றுக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்தார். முதல் குறையாமல் நிற்க வேண்டும், பயன் மட்டும் செலவாக வேண்டும் என்ற கணக்கியல் அறிவு ஆட்டு மந்தைவரை சென்றிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இது இன்னும் விரிகிறது: கோயிலின் பணம் பல ஊர்ச் சபைகளிடம் கடனாகக் கொடுக்கப்பட்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது பன்னிரண்டரை சதவீதம், வட்டியாகத் திரும்பி வந்தது. உத்திரமேரூரில் என்னை அதிகம் நிறுத்துவது வயிரமேக தடாகம் என்ற ஏரி. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்திலிருந்தே அந்த ஏரியைத் தூர்வார அறக்கட்டளைகள் ஏற்பட்டன. ஏரி வாரியத்தார் முதலைப் பொறுப்பேற்று, வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் வண்டல் அள்ளினார்கள். ஏரி ஆழமானால் பாசனம் பெருகும், பாசனம் பெருகினால் வட்டி கட்டும் நிலத்தின் விளைச்சல் கூடும். பணம் எந்த மண்ணில் போடப்பட்டதோ அந்த மண்ணிலேயே பயன் தந்தது. உள்ளூர் நாணயத்தை ஆதரிப்பவர்கள் எதிர்பார்ப்பதும் இந்தச் சுற்றோட்டத்தைத்தான். அதற்குத் தனி நாணயம் எதுவும் உத்திரமேரூரில் அச்சிடப்படவில்லை. நாடெங்கும் மதிப்புள்ள பொன்னே ஊரின் ஏரிக்குள் இறங்கியது, அதைக் கையாண்டவர்கள் ஊருக்குக் கணக்குச் சொல்லக் கட்டுப்பட்டிருந்ததால்.

அந்த ஊர் என்பது யார் என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு இதைப் போற்றுவது நேர்மையாகாது. அது பிராமணர்களுக்குக் கொடையளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். வாரியத்துக்கு வர, இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், வேதக் கல்வி வேண்டும், வயது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடையில் இருக்க வேண்டும். பெண்களுக்கும், அந்த நிலத்தில் இறங்கி உழுதவர்களுக்கும் கணக்குக் கேட்கும் உரிமை இல்லை. ஆயிரம் ஆண்டு கழிந்தும் இந்த வட்டாரத்தில் அந்த விலக்கின் சுவர் இடியவில்லை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை, தாழ்த்தப்பட்ட மக்கள் குடியிருக்கும் மனைகூடத் தங்களுடையது என்று சொல்ல முடியாத நிலையையும், கடனால் பண்ணைக்குக் கட்டுண்டு கிடந்ததையும் அரசின் முன் வைத்தது. மறு ஆண்டு வந்த அரசாணையின் வழியாகத்தான் பிற்காலத்தில் பஞ்சமி நிலம் என்று அறியப்பட்ட ஒப்படைப்புகள் தொடங்கின. ஊர் என்றாலே சமத்துவம், உள்ளூர் என்றாலே நன்மை என்று எண்ணும் மாற்றுப் பொருளாதாரப் பேச்சுக்கு இந்த அறிக்கை இன்றும் பதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. பண்ணையாரின் கடனும் உள்ளூர்க் கடன்தான்.

திரமென்ஹீர் அறிக்கையை ஒட்டிய ஆண்டுகளிலேயே சென்னை அரசு பிரடெரிக் நிக்கல்சனிடம் வேறொரு பணியைக் கொடுத்தது: ஐரோப்பாவின் வேளாண் வங்கிகளைப் படித்து, இங்கே எது பொருந்தும் என்று சொல்ல வேண்டும். 1895இலும் 1897இலும் இரண்டு தொகுதிகளாக வந்த அவருடைய அறிக்கை ஜெர்மனியில் ரைபைசன் கட்டிய கிராமச் சங்கங்களை முன்மாதிரியாகக் காட்டியது. ஒரு கிராமம், ஒருவரை ஒருவர் அறிந்த உறுப்பினர்கள், ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு என்பது அந்த அமைப்பின் உயிர். 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்ட் போன்ற நம்மூர் நிதிகளையும் அவர் விரிவாக ஆராய்ந்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. கிராமச் சங்கங்களுக்கு வரம்பற்ற பொறுப்பை அது விதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் வேளாண் கடன் சங்கமும், அக்டோபரில் காஞ்சிபுரத்தில் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கமும் பதிவாயின. உத்திரமேரூர் கல்வெட்டுகளை விரிவாக வாசித்து விளக்கிய வெங்கையாவின் கட்டுரை இடம்பெற்றது தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில். பழைய சபையின் கணக்கு விதிகள் ஆராயப்பட்ட காலத்தை ஒட்டியே இதே பகுதியில் புதிய கணக்கொன்று தொடங்கியிருக்கிறது. ஒன்றை ஒன்று அறிந்திருந்ததாகச் சொல்ல எனக்குச் சான்று இல்லை. இரண்டும் ஒரே வட்டாரத்தில் நிகழ்ந்தன என்பதே கவனிக்கத் தக்கது.

இரண்டே ஆண்டில் பெரிய வங்கி என்றால் பத்திரம் என்ற நம்பிக்கை சென்னையில் நொறுங்கியது. 1906 அக்டோபர் 22 அன்று அர்பத்நாட் நிறுவனம் கதவடைத்தது. ஓய்வூதியக்காரர்களும் விதவைகளும் சிறு வணிகரும் அங்கே போட்டிருந்த சேமிப்பு போயிற்று; சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குச் சென்றார். வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முன்னின்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கியது அந்த அதிர்ச்சிக்குப் பிறகே. கும்பகோணம், கரூர், தூத்துக்குடி என்று வணிகச் சமூகங்கள் தத்தம் ஊரில் வங்கி கட்டிய காலமும் இதையொட்டியதுதான். ஆனால் சமூக வங்கி வளர்ந்து பெரிய வங்கியாகும்போது என்ன ஆகும் என்பதற்கு 1926இல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி சான்று. சிறு வணிகருக்குக் கடன் கொடுத்துப் பழகிய வங்கி பெருநிறுவனக் கடன்களுக்குத் தாவியது, வாராக்கடன் ஏறியது, 2020 நவம்பரில் அது சிங்கப்பூரைச் சேர்ந்த டிபிஎஸ் குழுமத்தின் இந்திய வங்கியோடு இணைக்கப்பட்டது. வைப்புதாரர் தப்பினர், பங்குதாரரின் முதலீடு முழுவதும் அழிந்தது. கடன் வாங்குபவரை வங்கி அறிந்திருந்த காலமும், வங்கியை அதன் பங்குதாரர் அறிந்திருந்த காலமும் ஒன்றாகவே முடிந்துபோயின.

கூட்டுறவின் சரிவுக்குக் காரணம் வேறு. 1951-52இல் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு வெறும் 3.1 சதவீதம் என்று கண்டது. ஐம்பது ஆண்டு உழைப்பின் பலன் அவ்வளவுதான் என்றால் அரசு பங்கு முதலோடு உள்ளே வர வேண்டும் என்று 1954இல் வந்த அறிக்கை பரிந்துரைத்தது. அன்றைய நிலையில் அது நியாயமான பரிந்துரை. வட்டிக்கடைக்காரரிடமிருந்து உழவரை மீட்க வேறு முதல் எங்கிருந்து வரும்? கடன் பெருகியது உண்மை. கூடவே, கணக்கின் திசையும் மாறியது. சங்கத்தின் செயலாளர் உறுப்பினருக்குச் சொல்ல வேண்டிய கணக்கைப் பதிவாளருக்குச் சொல்லத் தொடங்கினார். 1976இல் தமிழ்நாட்டில் சங்கங்களுக்குச் சிறப்பு அலுவலர்களை நியமிக்கும் சட்டம் வந்தது. மாநிலம் முழுவதும் சங்கத் தேர்தல் நடந்தது 1996இல். 2001இல் நிர்வாகம் மறுபடி அலுவலர் கைக்குப் போயிற்று. 2013இலும் 2018இலும் தேர்தல் நடந்தது. 2023இல் பதவிக்காலம் முடிந்ததும் பழைய கதை தொடர்ந்தது. கலைக்கப்பட்ட நிர்வாகக் குழுவுக்கு ஆறு மாதத்துக்குள் மாற்று வர வேண்டும் என்பதுபோன்ற பாதுகாப்புகளை 97ஆவது அரசமைப்புத் திருத்தம் கொண்டுவந்தது. கூட்டுறவு மாநிலப் பட்டியலில் இருக்க, மாநிலங்களின் ஒப்புதல் பெறாமல் நிறைவேறியதால், மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அது செல்லாது என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டாட்சி நோக்கில் அத்தீர்ப்பு சரியானதே. மாநில உரிமையைக் காத்த பிறகு மாநிலம் அதை உறுப்பினருக்குப் பகிர்ந்ததா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

கடன் தள்ளுபடியை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். கூட்டுறவுக் கடன்களில் 2006இல் சுமார் 6,866 கோடி, 2016இல் சுமார் 5,780 கோடி, 2021இல் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. மூன்றும் சட்டமன்றத் தேர்தலை ஒட்டியவை. வறட்சியிலும் புயலிலும் பயிரை இழந்த உழவருக்கு நிவாரணம் தேவை, அதை மறுப்பவன் நான் இல்லை. பெருநிறுவனங்களின் கடன்களை வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கும்போது வராத ஒழுக்கக் கேள்வி உழவர் விஷயத்தில் மட்டும் வருவதையும் ஏற்க முடியாது. ஆனால் நிவாரணத்தை அரசு தன் கருவூலத்திலிருந்து நேராகக் கொடுக்காமல் சொசைட்டியின் பேரேட்டில் கோடு கிழித்துக் கொடுக்கும்போது, அந்தப் பேரேடு தன்னுடையது என்ற எண்ணம் உறுப்பினருக்கு முற்றிலும் போய்விடுகிறது. தவணை கட்டியவர் ஏமாந்தவராகிறார். வைப்புத் தொகை போட்டவருக்கோ இன்னொரு கவலை: தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வைப்புகளுக்கு, வணிக வங்கிகளுக்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் உள்ள ஐந்து லட்சம் ரூபாய்க் காப்பீடு கிடையாது.

இனி உள்ளூர் நாணயம். அதன் பெருமைமிக்க சான்று ஆஸ்திரியாவின் வோர்கல் என்ற சிற்றூர். 1932 ஜூலையில், பெருமந்தத்தின் நடுவே, நகரத் தலைவர் உண்டர்குக்கன்பெர்கர் ஒரு சீட்டை வெளியிட்டார். மாதம் ஒரு சதவீதம் மதிப்புக் குறையும் என்பதால் யாரும் அதைப் பூட்டி வைக்கவில்லை. கைமாறிக்கொண்டே இருந்தது, தெருக்களும் பாலமும் எழுந்தன. நாட்டின் மைய வங்கி அதை எதிர்க்க, 1933இல் அது நிறுத்தப்பட்டது. சுவிட்சர்லாந்தில் 1934இல் வணிகர்கள் தங்களுக்குள் தொடங்கிய விர் வட்டம் இன்று வங்கியாகவே நிலைத்திருக்கிறது. பிரேசிலின் போர்த்தலேசாவில் 1998இல் தொடங்கிய பால்மாஸ் வங்கி சேரிமக்களின் நாணயத்தை வெளியிட்டு வழக்கையும் சந்தித்து, பின்னர் மைய வங்கியின் ஏற்பையும் பெற்றது. இவை மதிக்கத் தக்க முயற்சிகள். ஆயினும் வோர்கல் சீட்டு செல்லுபடியானது நகராட்சி அதை வரியாக வாங்கிக்கொண்டதாலும், அதற்கு ஈடான பணம் வங்கியில் இருந்ததாலும்தான். இந்தியாவில் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, கேட்டவுடன் கொண்டுவந்தவருக்குப் பணம் தரும் சீட்டை வேறு எவரும் வெளியிடுவதைத் தடுக்கிறது. ஒரு கிராம ஊராட்சி அப்படிச் சீட்டு அச்சிட்டால் அடுத்த வாரமே வழக்கு வரும். ஆரோவில் தன் குடியிருப்பாளர்களுக்குள் கணக்குப் பதிவாகவே பரிமாற்றம் செய்கிறது; அது தனிச் சட்டமும் வெளி நிதியும் உள்ள இடம், உத்திரமேரூர் ஒன்றியத்தின் ஊர்களுக்கு அளவுகோலாகாது.

சட்டத்தைவிட வலுவான தடையைத் தமிழர் வரலாறே தருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் காப்பி ஆலைகள் கூலியாக உலோக வில்லைகளைக் கொடுத்தன. தோட்டத் தொழிலாளிக்குக் கங்காணியின் பற்றுக் கணக்கும் தோட்டத்துக் கடையும் மீள முடியாத வலையாயின. ஒரு வட்டாரத்துக்குள் மட்டும் செல்லும் பணம் அந்த வட்டாரத்தை ஆள்பவருக்குக் கூடுதல் பிடியைக் கொடுக்கும். வெளியே செல்லாத பணத்தை வைத்துக்கொண்டு ஒருவர் ஊரைவிட்டு வெளியேற முடியாது, மகளைப் படிக்க அனுப்ப முடியாது. சாதியின் பிடியிலிருந்து விடுபடப் பட்டணத்துக்குப் போனவர்களின் மாவட்டத்தில் இதைச் சிறு குறை என்று ஒதுக்க மாட்டேன். ரூபாய் எங்கும் செல்வது ஏழைக்கு ஒரு சுதந்திரம்.

அப்படியானால் வோர்கலில் நடந்த சுற்றோட்டம் நமக்குக் கிடைக்காதா? சொசைட்டியின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்கள் பயிர்க்கடனும் நகைக்கடனும் தருகின்றன, உரம் விற்கின்றன, பல இடங்களில் ரேஷன் கடையும் நடத்துகின்றன. பயிர்க்கடனில் ஒரு பகுதி பணமாக இல்லாமல் உரமாகவே போகிறது. அதாவது ஒரே உறுப்பினரின் கடன், சேமிப்பு, கொள்முதல் எல்லாம் ஒரே பேரேட்டில் சந்திக்கும் வாய்ப்பு அங்கே இருக்கிறது. மணிலாவும் நெல்லும் விளைவிக்கும் உறுப்பினர், எண்ணெய்ச் செக்கு நடத்தும் உறுப்பினர், அரிசி வாங்கும் உறுப்பினர் ஆகியோரின் வரவு செலவை ரூபாயிலேயே எழுதி ஒருவருக்கொருவர் நேர்செய்தால், சீட்டு அச்சிடாமலே பணம் ஊருக்குள் சுழலும். ஜே.சி. குமரப்பா பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்களைக் கிராமப் பொருளாதாரத்தின் நடுவில் வைத்தது இந்த நோக்கில்தான். 2022இல் சுமார் 63,000 சங்கங்களை இலக்காகக் கொண்டு தொடங்கிய மத்திய அரசின் கணினிமயமாக்கல் திட்டம் நாட்டின் சங்கங்களை ஒரே மென்பொருளில் இணைக்க முனைகிறது. கணக்கு அன்றன்றைக்கு மேலிடத்துக்குத் தெரியும். அதே கணக்கு உறுப்பினரின் கைப்பேசிக்கும் வர வேண்டும் என்ற விதியைத்தான் நாம் கேட்க வேண்டும்.

எதிர்வாதங்கள் வலுவானவை. முதலாவது, தமிழ்நாட்டில் வங்கிகள் திரட்டும் வைப்பைவிடக் கொடுக்கும் கடன் அதிகம். கடன்-வைப்பு விகிதம் நூறு சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது, பிறகு ஊர்ப் பணம் வெளியே போகிறது என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். மாநில அளவில் அது சரி. அந்த விகிதம் யாருக்குக் கடன் கிடைத்தது என்று சொல்வதில்லை. ஒரகடத்துத் தொழிற்சாலைக்கும் உத்திரமேரூர் குத்தகை விவசாயிக்கும் ஒரே எண் பதிலாகாது. கிராமக் கிளையில் கிடைப்பதில் நகைக்கடன் பெரும்பங்கு. அதற்கு வாங்குபவரை அறிய வேண்டாம், நகையை எடைபோட்டால் போதும். இரண்டாவது, ஒரே ஏரி, ஒரே வடகிழக்குப் பருவமழை. பொய்த்தால் எல்லா உறுப்பினரும் ஒன்றாகத் தவறுவார்கள், சிறு வங்கி மூழ்கும். இதற்கு நான் முழுதும் இணங்குகிறேன். அதனால்தான் தனித்து நிற்கும் ஊர் வங்கியை நான் பரிந்துரைக்கவில்லை. சங்கம், மாவட்ட மத்திய வங்கி, மாநிலத் தலைமை வங்கி என்ற மூன்றடுக்கு வேண்டும், நபார்டின் மறுநிதி வேண்டும். இடரை மேலே பகிர்வது ஒன்று, அதிகாரத்தை மேலே கொடுத்துவிடுவது வேறொன்று.

மூன்றாவது, ஊர்க்காரரிடம் பணத்தைக் கொடுத்தால் களவு போகும் என்ற வாதம். போலி நகை, பெயர்க்கடன் என்று சொசைட்டிகளில் நடந்த முறைகேடுகளை யாரும் மறைக்க முடியாது. 2019இல் மும்பையின் பிஎம்சி வங்கி வீழ்ந்ததும் கூட்டுறவின் பெயரில்தான். இவற்றில் எதுவும் உறுப்பினர் அளவுக்கு மீறிக் கணக்குப் பார்த்ததால் நடக்கவில்லை. மகளிர் சுய உதவிக் குழுக்களின் அனுபவம் எதிர்த் திசையில் நிற்கிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கி, 1992இல் நபார்டின் வங்கி இணைப்பால் பெருகிய இந்தக் குழுக்களில், கூட்டந்தோறும் வரவும் செலவும் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லப்படுகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினரும் யார் எவ்வளவு பாக்கி என்று அறிவார். குழுக்கள் குறையற்றவை அல்ல. நுண்கடன் நிறுவனங்கள் பின்னர் அதே பெண்களைக் கூட்டுப் பொறுப்பில் நிறுத்தி வாரத் தவணைக்கு விரட்டியபோது, கூட்டுப் பொறுப்பு இருந்தது, கணக்குக் கேட்கும் உரிமை இல்லை. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலிருந்து இருந்தும் தண்டல்காரர் தெருவில் நிற்கிறார் என்றால், அவர் கொடுக்கும் விரைவையும் நெருக்கத்தையும் முறையான அமைப்புகள் இன்னும் கொடுக்கவில்லை என்றே பொருள்.

கடைசியாக, யார் உறுப்பினர் என்ற பழைய கேள்வி. அன்று கால் வேலி நிலம்; இன்று சிட்டாவும் அடங்கலும். குத்தகைக்கு உழுபவருக்குப் பயிர்க்கடன் வேண்டுமென்றால் அவர் சாகுபடி செய்வதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும். 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தை எண்ணி, நில உடைமையாளர் குத்தகையை எழுத்தில் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார். இதனால் உண்மையில் உழுபவர் நகையை அடகு வைக்கிறார் அல்லது தண்டலுக்குப் போகிறார். கூட்டுப் பொறுப்புக் குழுவுக்குச் சங்கம் கடன் தரலாம் என்ற வழி இருக்கிறது. அதை எத்தனை பேருக்கு, எந்தத் தெருவுக்குத் திறப்பது என்பது நிர்வாகக் குழுவின் கையில் இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அந்தக் குழுவில் இடஒதுக்கீடு சட்டத்தில் இருக்கிறது, சதுர்வேதிமங்கலத்துச் சபை நினைத்தும் பார்த்திராத ஒரு விதி அது. தேர்தல் நடக்காத ஒவ்வோர் ஆண்டும் அந்த இடங்களில் உட்கார வேண்டியவர்கள் வெளியே நிற்கிறார்கள், அவர்களுடைய கையெழுத்து இல்லாமலே கடன் பட்டியல் தயாராகிறது.